சத்தமில்லாமல் சுற்றும் சிடி

பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்திய ஹுசைன், ஸ்டீரியோவில் சிடியை வெளியே தள்ளும் பொத்தானை அழுத்தினார். உள்ளே டக் டக் என்று சத்தம் கேட்டது. சிடியின் விளிம்பு நகத்தளவு எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே போய்விட்டது.

"பாத்தியா ஹனியா, ஒரு வாரமா இதே கூத்து. எட்டிப் பாத்துட்டு உள்ள போய் உக்காந்துக்குது. வூட்டக் காலி பண்ணச் சொன்னா கதவ சாத்திக்கிற குடித்தனக்காரன் மாதிரி."

"சாயந்திரம் பாத்துக்கலாங்க. பெல் அடிச்சிடுவாங்க," என்று ஹனியா கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

பின்சீட்டில் கல்லூரிக்குப் போகக் காத்திருந்த மஹீரா, போனிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அது வராது அத்தா. நீங்க பேசுன சிடியாச்சே, அவ்ளோ லேசுல வாய மூடுமா?"

ஹுசைன் சிரித்துக்கொண்டே கியரைப் போட்டார். அவ்வளவுதான். மகளைக் கல்லூரியில் இறக்கிவிட்டு, கூடுவாஞ்சேரியில் இருந்த தன் ஜெராக்ஸ் கடைக்குப் போனார். மதியம் டீ கொண்டுபோன பையன் கூப்பிட்டபோது அவர் நாற்காலியில் சாய்ந்தபடி இருந்தார். டாக்டர் வந்து, மாரடைப்பு, உயிர் போய்விட்டது என்று சொன்னார்.

அந்தச் சிடியின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜெராக்ஸ் கடைக்கு முன்னால், கோவளம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஹுசைன் ஒரு சிடி கடை வைத்திருந்தார். வேன்காரர்களும் ஷேர் ஆட்டோக்காரர்களும் வந்து பாட்டுப் பதிந்து வாங்கிப் போவார்கள். மற்ற கடைக்காரர்கள் பாட்டின் நடுவே தங்கள் கடைப் பெயரை ஒருமுறை கத்தி வைப்பதோடு சரி. ஹுசைன் அப்படியில்லை. ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் வானொலி அறிவிப்பாளர் போல இரண்டு வரி பேசுவார். அதிலும், வண்டி எந்த வழியில் ஓடுகிறதோ அந்த வழிக்குத் தோதாகப் பேசுவார். "அடுத்த பாட்டு முடியறதுக்குள்ள முட்டுக்காடு பாலம் வந்துடும், சில்லறைய எடுத்து வெச்சிக்குங்க" என்று அவர் குரல் சொல்லும்போது பாலம் நிஜமாகவே வந்து நிற்கும். பயணிகள் டிரைவரைப் பார்ப்பார்கள். டிரைவர் தானே பாலத்தைக் கட்டியவர் மாதிரி மீசையைத் தடவிக்கொள்வார்.

மஹீராவை ஆறாம் வகுப்புக்குச் செங்கல்பட்டில் ஹனியா வேலை பார்த்த பள்ளியிலேயே சேர்த்தபோது, வீட்டுக்கென்று ஒரு சிடி செய்தார். கோவளத்தில் முதல் பாட்டு, செங்கல்பட்டில் கடைசிப் பாட்டு. "திருவிடந்தை தாண்டியாச்சா? தாண்டலன்னா டிரைவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க." "மகாபலிபுரத்துல திரும்பப் போறோம். ஹனியா டீச்சர், பரீட்சை பேப்பர மடிச்சி வைங்க, தல சுத்தும்." எட்டாவது பாட்டுக்கு முன்னால், திருக்கழுக்குன்றத்துக்கு அந்தப் பக்கம் பாதை குறுகும் இடத்தில், "மஹீரா பாப்பா, கைய உள்ள எடும்மா. எதிர்ல பஸ்ஸு வருது."

அந்த எட்டாவது பாட்டில் ஒரு கீறலும் உண்டு. இரண்டு நிமிடம் பதினாலாவது நொடியில் பாட்டும் எண்ணும் நின்றுவிடும். ஹுசைன் டேஷ்போர்டைத் தட்டக் கையை ஓங்குவார். கை இறங்குவதற்குள் பாட்டு தானே நகர்ந்துவிடும். "பயம் கீது பாரு," என்பார். ஒருநாள்கூட அவர் தட்டியதில்லை.

கூடுவாஞ்சேரியில் அநாதையாக நின்ற வண்டியை ஹனியாவின் தம்பி முபஷ்ஷிர்தான் போய் எடுத்துவந்தான். சாவியைத் திருப்பியதும் ஸ்டீரியோவில் ஹுசைன் பேசியிருக்கிறார். "மஹீரா பாப்பா, கைய" என்றதோடு அவன் பதறிப்போய் அணைத்துவிட்டான். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. கணவனுக்காகத் துக்கம் காக்கும் இத்தாவில் ஹனியா வீட்டுக்குள் இருந்த மாதங்களில், வாரம் ஒருமுறை வந்து வண்டியைக் கிளப்பி பேட்டரி இறங்காமல் பார்த்துக்கொண்டான். ஸ்டீரியோவை மட்டும் தொடவில்லை.

இத்தா முடிந்தது, பள்ளியும் திறந்தது. பீரோவில் தூங்கிக்கொண்டிருந்த லைசென்ஸை எடுத்துக்கொண்டு ஹனியா தானே வண்டி ஓட்டினாள். பக்கத்தில் மஹீரா. ஊர் எல்லை தாண்டி, ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கை கொஞ்சம் தளர்ந்ததும், பல வருடப் பழக்கத்தில் அந்தக் கை ஸ்டீரியோ பொத்தானுக்குப் போனது.

"உள்ள எடும்மா. எதிர்ல பஸ்ஸு வருது," என்றார் ஹுசைன்.

மஹீராவின் கை மடியில்தான் இருந்தது. அவள் அதைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். ஹனியா உடனே அணைத்துவிட்டாள். ஆனால் அணைத்த பிறகு வந்த அமைதி அதைவிட மோசமாக இருந்தது. இரண்டு பேரும் அவர் பேசாததையே கேட்டுக்கொண்டு போவது மாதிரி இருந்தது. திருவிடந்தை நிறுத்தத்தில் மஹீரா, "நிறுத்தும்மா. நான் பஸ்ல வரேன்," என்றாள்.

அன்று இறங்கியவள், பிறகு அந்த வண்டியில் ஏறவில்லை. கோவளத்திலிருந்து மகாபலிபுரம் ஒரு பஸ், அங்கிருந்து செங்கல்பட்டுக்கு இன்னொரு பஸ். ஹனியா தனியாக வண்டியில் போனாள். மகள் இல்லாதபோது சிடியைப் போட்டுக்கொண்டாள். அறிவிப்புகள் ஊர்களோடு பொருந்த வேண்டும் என்று ஹுசைன் ஓட்டிய வேகத்திலேயே ஓட்டினாள். முந்தினால் மெதுவாக்கினாள், பிந்தினால் விரட்டினாள். சில காலைகளில் முன்னால் போகும் பஸ்ஸின் ஜன்னலில் மஹீராவின் நீலப் பை தெரியும். முந்திப் போக மனம் வராமல், அதன் புகையைக் குடித்துக்கொண்டே பின்னால் போவாள். ஒரே வீட்டில் கிளம்பி ஒரே ஊருக்குப் போகிற, சிடிக்குள் இருந்தவரையும் சேர்த்து மூன்று பேர், இப்படிப் பிரிந்து பிரிந்து போனார்கள்.

வேறு ஏதாவது பாடினால் மகள் ஏறுவாள் என்று ஹனியாவுக்குத் தோன்றியது. ரேடியோவுக்கு வழியில்லை, ஏரியலை உப்புக்காற்று தின்று வருடங்கள் ஆகியிருந்தன. முபஷ்ஷிர் ஒரே போடாகப் போட்டான். "அத கழட்டிக் கடாசுக்கா. டச் ஸ்கிரீன் ஒண்ணு போட்டுக்க. படம்கூட பாக்கலாம்."

"வண்டி ஓட்டும்போது நான் படம் பாக்கவா?"

"சரி, அவ பாக்கட்டும்."

"அவருதாண்டா உள்ள இருக்காரு," என்றாள் ஹனியா. அவன் யோசனையை மாற்றிக்கொண்டு, "ஆக்ஸ் இழுக்க முடியுமான்னு ஜெயக்குமார்கிட்ட கேட்டுப் பாரு. ராட்டினங்கிணறு பக்கம் கடை. போன்ல இருந்து ஒயர் சொருகுனா அதே ஸ்பீக்கர்ல பாடும்," என்றான்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை, அரைநாள் பள்ளி முடிந்ததும் ஹனியா அந்தக் கடைக்கு வண்டியை விட்டாள். ஜெயக்குமார் ஐம்பதைத் தொடும் ஆள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீரியோவைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார்.

"கம்பெனில இருந்து வந்த செட்டு மேடம் இது. இதுல ஆக்ஸே கெடையாது. இந்தக் காலத்துல இத வெச்சிகினு இன்னா பண்ணப் போறீங்க?"

"இதுலயே வேணும். இத மாத்தக் கூடாது."

"மொதல்ல வேல செய்யுதான்னு பாப்போம்." அவர் பொத்தானை அழுத்தினார். "மகாபலிபுரத்துல திரும்பப் போறோம்," என்று ஹுசைன் தொடங்கினார். ஜெயக்குமாரின் முகம் மலர்ந்தது. "அட, நம்ம கோவளம் பாய் சிடியா? இவரு குரல் இல்லாத வேனே இந்த ஊர்ல கெடையாது மேடம். நானே எத்தினி செட்டுல கேட்டுக்கீறேன். இன்னும் கடை வெச்சிகினு கீறாரா?"

"என் வீட்டுக்காரர்தாங்க. தவறிட்டாரு."

ஜெயக்குமார் பாட்டை அணைக்கவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்தார். கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். "ஆக்ஸ் யாருக்கு?" என்று கேட்டபோது அவர் குரலும் குறைந்திருந்தது.

"மகளுக்கு."

"அப்ப அந்தப் பொண்ண வரச் சொல்லுங்க. ஓட்டைய எங்க வெக்கிறதுன்னு அதுவே சொல்லட்டும்."

மஹீரா வருவதற்குள் அவர் டேஷ்போர்டின் முகப்பைக் கழற்றி, செட்டை உருவி மேசைமேல் வைத்து, மேல் மூடியைத் திறந்திருந்தார். கல்லூரியிலிருந்து நடந்தே வந்த மஹீரா, குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள். "எதுக்கும்மா இதெல்லாம்," என்றபடி எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

மூடி திறந்த செட்டுக்குள் சிடி வெளிச்சத்தில் கிடந்தது. பச்சை மார்க்கரில் ஹுசைனின் கோணல் எழுத்து. கோவளம் – செங்கல்பட்டு. அதற்குக் கீழே, விற்பனைக்கு அல்ல.

"பாருங்க மேடம்," என்றார் ஜெயக்குமார். "ரப்பர் பெல்ட்டு தேஞ்சி போச்சு, அதான் வெளிய தள்ள வலுவில்ல. உள்ள சுத்துறதுக்கு வேற மோட்டரு, அது நல்லா கீது. இப்ப மூடி தொறந்து கீது, நோவாம எடுத்துடலாம். எடுத்துத் தந்துடவா?"

ஹனியா இதை எதிர்பார்க்கவில்லை. ஆக்ஸைப் பற்றி நினைத்து நினைத்து வந்தவளுக்கு, சிடி வெளியே வரக்கூடும் என்பதே தோன்றவில்லை. எடுத்துவிட்டால் அது ஒரு வட்டத் தட்டு, பீரோவில் துணிக்கு நடுவில் வைக்கலாம். மகள் வண்டியில் ஏறுவாள். நடக்க வேண்டியது அதுதானே? மகள் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. "எடுத்து," என்றாள். மீதிச் சொல் வருவதற்குள் மஹீரா குறுக்கிட்டாள்.

"எடுத்துட்டா அந்த இடத்துல இன்னா இருக்கும் அங்கிள்?"

"ஒரு வெத்து சிடி போடணும் பாப்பா. இந்த செட்டுக்கு ஒரு புத்தி கீது. ஏதாச்சும் ஒரு சிடி ஓடிகினு இருந்தாத்தான் சத்தத்த வெளிய வுடும். நான் அந்த வழியிலதான் ஒயர சேக்கப் போறேன். அதனால பாட்டு ஒண்ணுமில்லாத சிடி ஒண்ணு சும்மா சுத்திகினே இருக்கணும்."

"சும்மா சுத்தறதுக்கு வெத்து சிடி எதுக்கு? இதுவே சுத்தக் கூடாதா?"

ஜெயக்குமார் தலையைச் சொறிந்தார். "சுத்தலாம். ஒயர் சொருகுனா இவரு சத்தத்த வெட்டிடற மாதிரி ஓட்டை ஒண்ணு கீது, அதப் போட்டுடலாம். சொருகுனா உன் பாட்டு. உருவுனா இவரு பேசுவாரு. ஆனா ஒண்ணு, உன் பாட்டு கேக்கற வரைக்கும் இவரு உள்ள ஓடிகினேதான் இருப்பாரு. இவரு நின்னா உன் பாட்டும் நின்னுடும்."

"சொருகுனா சத்தம் வராதில்ல?"

"துளி வராது."

மஹீரா பச்சை எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்னால கேக்க முடியலம்மா," என்றாள். "அதுக்காக அவர வெளிய எடுக்கச் சொல்லலியே நான்."

ஹனியா பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இருக்கட்டும் ஜெயக்குமார்," என்றாள். "உள்ளயே இருக்கட்டும்."

ஈயம் உருக்கும் சால்டரிலிருந்து புகை ஏறியது. மூன்று மெல்லிய ஒயர்களை அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பற்றவைத்தார். கியருக்குப் பக்கத்தில், மஹீரா விரல் வைத்துக் காட்டிய இடத்தில், ஒரு சின்ன ஓட்டை போட்டு வளையத்தை முடுக்கினார். செட்டை மூடி, டேஷ்போர்டில் திரும்பச் சொருகி, சாவியைத் திருப்பினார்.

திரையில் சிடி எரர் என்று வந்தது.

அணைத்துப் போட்டார். மறுபடி அதேதான். உள்ளே சுற்றும் சத்தமே இல்லை. ஹனியா தன் துப்பட்டா நுனியை விரலில் சுற்ற ஆரம்பித்தாள். அப்படியே விட்டிருக்கலாமே, இருந்ததையும் கெடுத்துக்கொண்டேனே என்று உள்ளுக்குள் ஓடியது. மஹீரா அருகில் வந்து அம்மாவின் தோளில் கை வைத்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவளாக வந்து வைத்த கை அது. ஜெயக்குமார் தனக்குத்தானே ஏதோ திட்டிக்கொண்டு செட்டை மறுபடி உருவினார். மூடியைத் திறந்தார். குனிந்து பார்த்தவர் மெதுவாகச் சிரித்தார்.

"பட்டை ஒயரு நழுவிகினு கீது. மூடும்போது நான்தான் இடிச்சிட்டேன். வூட்ல திட்டு வாங்கிகினு வந்த நாள்ல இப்படித்தான் கை ஓடும்."

நழுவிய ஒயரை நகத்தால் அழுத்தி உள்ளே தள்ளினார். மேசைமேல் வைத்தபடியே கரண்ட் கொடுத்தார். சிடி ஒரு முறை தயங்கி, பிறகு சுற்றத் தொடங்கியது. பச்சை எழுத்து கலைந்து ஒரு வளையமாயிற்று. திரையில் எண் ஓடியது. ஹனியா விட்ட மூச்சு ஜெயக்குமாருக்கும் கேட்டிருக்க வேண்டும். "ஒரு டீ சொல்லட்டுமா மேடம்?" என்றார்.

வண்டியில் எல்லாம் பொருத்தி முடித்த பிறகு இன்னொரு கூத்து நடந்தது. மஹீரா ஒயரின் ஒரு முனையைக் கியர் பக்கம் சொருகிவிட்டு, மறுமுனையோடு தன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சார்ஜர் போடும் ஓட்டையைத் தவிர அதில் வேறு ஓட்டையே இல்லை.

"புதுப் போனுல எல்லாம் அத அடைச்சிட்டானுங்க," என்றார் ஜெயக்குமார். "அதுக்கு ஒரு கன்வெர்ட்டர் வரும். எங்கிட்ட தீந்துபோச்சு. திங்கக்கெழம வா பாப்பா, எடுத்து வெக்கிறேன்."

"இவ்ளோ பண்ணிட்டு திங்கக்கிழமையா?" மஹீரா சலித்துக்கொண்டாள். பிறகு கையை நீட்டினாள். "உன் போனக் குடும்மா. பழசுதானே, ஓட்டை இருக்கும்."

"என் போன்ல பாட்டே இல்லையேம்மா."

"ஏதாச்சும் சத்தம் இருக்குமில்ல, போதும்."

அவள் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். வீடு வரைக்கும் வருகிறாயா என்று ஹனியா கேட்கவில்லை. கேட்டால் பறந்துவிடும் என்று பயந்தவள் போல, வேகமாகச் சாவியைத் திருப்பினாள். உள்ளே சிடி சுற்ற ஆரம்பித்தது. சத்தம் இல்லை. திரையில் எண் மட்டும் நகர்ந்தது.

மஹீரா போனைத் துழாவி ஒன்றை அழுத்தினாள். நான்கு ஸ்பீக்கரிலும் ஹனியாவின் குரலே கணீரென்று வந்தது. "பிள்ளைங்களா, ஒரு டம்ளர் தண்ணியில பென்சில வைங்க. வளைஞ்ச மாதிரி தெரியும். ஆனா பென்சில் வளையல."

கொரோனா காலத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய அறிவியல் பாடம். மஹீரா வாய்விட்டுச் சிரித்தாள். "ஐயோ, இந்தப் பாடத்துக்கு நான் வண்டிலயே டெஸ்ட் எழுதணுமா?"

"மாத்திடு," என்றாள் ஹனியா வெட்கத்தோடு.

"வேணாம், ஓடட்டும். டீச்சர் குரல் நல்லாதான் இருக்குது."

ஏரிகள் எல்லாம் நிரம்பி, சாலையோரம் வரை தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. டம்ளருக்குள் பென்சில் வளைந்து தெரிவதற்கான காரணத்தை ஸ்பீக்கரில் ஹனியா விளக்கிக்கொண்டு வந்தாள். பின்னணியில் ஒரு குக்கர் விசில் அடித்தது. பாடம் நிற்கவில்லை. இன்னொரு விசில். அப்புறம் செருப்புச் சத்தம் ஒன்று சமையலறைப் பக்கம் போனது. அடுப்பு டக்கென்று அணைந்தது. செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. ஒளிவிலகல் தொடர்ந்தது.

அடுப்பை அணைத்தது யார் என்று இருவருக்கும் தெரியும். ஹனியா ஓரக்கண்ணால் பார்த்தாள். மஹீரா போனை அணைக்கவில்லை. நிறுத்தச் சொல்லவும் இல்லை.

"சோறு கொழஞ்சிடுச்சாம்மா அன்னிக்கு?"

"இல்ல. சரியா அணைச்சிட்டாரு."

மஹீரா ஜன்னலை இறக்கினாள். மழை கழுவிய காற்று உள்ளே வந்தது. கையை வெளியே நீட்டி, சின்ன வயதில் செய்தது போல விரல்களால் காற்றைப் பிளந்துகொண்டு வந்தாள். திருக்கழுக்குன்றம் தாண்டிச் சற்று தூரம் போனதும் திரையில் பாட்டின் எண் ஏழு எட்டாக மாறியது. மஹீரா அதைப் பார்த்தாள். திரும்பும் வழி என்பதால் அறிவிப்புக்கும் ஊருக்கும் பொருத்தம் இருக்காது, எதிரே பஸ்ஸும் இல்லை. இருந்தாலும் கையை மெதுவாக உள்ளே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஹனியா சாலையைப் பார்த்து ஓட்டினாள். கண்ணில் நீர் இருந்தது. ஆனால் நெஞ்சு, மூட்டையை இறக்கி வைத்த தோள் மாதிரி, லேசாக இருந்தது. ஸ்பீக்கரில் அவள் குரல், "புரிஞ்சுதா பிள்ளைங்களா? புரியலன்னா எனக்கு மெசேஜ் போடுங்க," என்றது.

திரையில் எண் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடம் பதினாலாவது நொடியில் நின்றது. யாரும் தட்டவில்லை. பிறகு அதுவாகவே பதினைந்துக்கு நகர்ந்தது.